மெஸ்ஸி வருவதற்கு முன்பும் கொலம்பஸில் கூட்டம் இருந்தது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், மேஜர் லீக் சாக்கர் என்ற இங்குள்ள கால்பந்து லீகில் எங்கள் ஊர் அணியான கொலம்பஸ் க்ரூவுக்கும் மெஸ்ஸியின் இன்டர் மயாமிக்கும் நடந்த மேட்ச் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 60,614 பேர் வந்தார்கள் என்று போட்டிருந்தீர்கள், சரி. மயாமி 1-0 என்று ஜெயித்ததும் சரி. ஆனால் மெஸ்ஸி வந்த பிறகுதான் கொலம்பஸ் மாதிரி ஊர்க்காரர்களும் கால்பந்து பார்க்கக் கிளம்பினார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பல வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பிப்ரவரிக் குளிரிலும் மைதானத்துக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

முதலில் அந்த மேட்ச். அது கொலம்பஸின் சொந்த மைதானத்தில் நடந்திருக்க வேண்டியது. எங்கள் மைதானத்தில் சுமார் 20,000 பேர்தான் உட்கார முடியும் என்பதால், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய கிளீவ்லாந்தின் பெரிய ஸ்டேடியத்துக்கு அதை மாற்றினார்கள். அது, பந்தைக் கையில் எடுத்து ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ விளையாட்டின் பிரௌன்ஸ் அணியுடைய மைதானம். க்ரூவின் உரிமையாளர்களில் ஒருவரான ஹாஸ்லம் குடும்பம்தான் பிரௌன்ஸுக்கும் உரிமையாளர். டிக்கெட் கணக்கு என்னவென்று எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் காட்டி, அதற்கு முன் இங்கே ஆளே இல்லை என்று எழுதுவது என்ன நியாயம்? அன்றைய தேதிவரை லீகில் இரண்டு அணிகளுமே தோற்காமல் இருந்தன. ஒரு விளையாட்டு நிருபர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான், கட்டுரையில் இல்லை. கோல் அடித்தது பெஞ்சமின் கிரெமாஸ்கி என்ற 20 வயதுப் பையன். அவன் பெயர் ஒரே ஓர் இடத்தில் வந்தது. மெஸ்ஸியின் படம் மூன்று.

மெஸ்ஸி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 2024 அக்டோபரில் எங்கள் ஊரிலேயே வந்து இரண்டு கோல் அடித்து, 3-2 என்று ஜெயித்து, லீகில் அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குத் தரும் சப்போர்ட்டர்ஸ் ஷீல்டை உறுதி செய்துகொண்டு போனார். அப்படி ஓர் ஆட்டக்காரரை நேரில் பார்த்தது பாக்கியம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த சீசன் முழுக்க எங்கள் அணி என்ன செய்தது என்று உங்கள் பத்திரிகையில் தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் க்ரூ லாஸ் ஏஞ்சல்ஸ் அணியான எல்ஏஎஃப்சியை 2-1 என்று வீழ்த்தி லீக் கோப்பையை மூன்றாவது முறையாக வாங்கியிருந்தது. 2024-ல் வட அமெரிக்கக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் கப்பில் மெக்சிகோவின் மான்டெர்ரே நகருக்குப் போய், டிக்ரேஸ் அணியை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வென்றது. அடுத்த சுற்றில் அதே நகரின் இன்னொரு அணியான மான்டெர்ரே. மயாமியைக் காலிறுதியில் இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்து வெளியே அனுப்பியது அந்த மான்டெர்ரேதான். அவர்களை எங்கள் பையன்கள் ஊரில் 2-1 என்றும், அங்கே போய் 3-1 என்றும் ஜெயித்தார்கள். மயாமி வெளியேறியதை நீங்கள் பெரிதாகப் போட்டீர்கள். அவர்களை வெளியேற்றியவர்களை வென்ற அணியின் பெயரைப் போட இடமில்லாமல் போய்விட்டது. இறுதிப் போட்டியில், மூச்சுவாங்கும் மலை உயரத்தில் இருக்கிற பச்சுகாவில், க்ரூ 3-0 என்று தோற்றது. படுதோல்விதான், மறைக்க ஒன்றுமில்லை.

அப்புறம் ஆகஸ்ட். அமெரிக்க, மெக்சிகோ லீக் அணிகள் மோதும் லீக்ஸ் கப்பில் மயாமி எங்கள் மைதானத்தில் 2-0 என்று முன்னால் இருந்தது. மெஸ்ஸி அன்று காயத்தால் ஆடவில்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதியில் கிறிஸ்டியன் ராமிரெஸ் ஒன்று, டியேகோ ரோஸி இரண்டு அடித்து 3-2. அந்த இரவு ஸ்டேண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், 1999-ல் பழைய மைதானம் திறந்த வருஷத்திலிருந்து மேட்ச் பார்க்க வருகிறவர், என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கோப்பையையும் க்ரூவே வாங்கியது, இறுதிப் போட்டியில் எல்ஏஎஃப்சியை மறுபடி 3-1 என்று வென்று. லீகில் 66 புள்ளி, மயாமிக்கு அடுத்த இடம். அன்றைய கோச் வில்ஃப்ரிட் நான்சிக்கு அந்த வருஷத்தின் சிறந்த கோச் விருது. பந்தைத் தூக்கி அடித்துத் தள்ளாமல் கோல்கீப்பரிலிருந்தே பாஸ் கட்டிக்கொண்டு வருவார்கள். பின்வரிசையில் ஆடுகிற ஸ்டீவன் மொரெய்ரா திடீரென்று எதிரணி கோல் பக்கத்தில் நிற்பார். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதைப் பெரிய பெயர் இல்லாத அணி என்று ஒதுக்கமாட்டார்கள். பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே நியூயார்க் ரெட் புல்ஸிடம் தோற்றது நெஞ்சைப் பிளந்தது. மயாமியும் அதே சுற்றில்தான் அட்லாண்டாவிடம் தோற்று வெளியேறியது. அதற்கு மட்டும் தலையங்கம் வந்தது.

கூட்டம் என்று சொன்னீர்களே. இந்த லீகின் அணிக்காகவே கட்டப்பட்ட முதல் கால்பந்து மைதானம் எந்த ஊரில் என்று உங்கள் நிருபர் ஒருமுறை பார்த்திருக்கலாம். கொலம்பஸில்தான், 1999-ல். 2001, 2005, 2009, 2013 என்று நான்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் அமெரிக்கா மெக்சிகோவை 2-0 என்று வென்றதும் அங்கேதான். மெஸ்ஸி மயாமிக்கு வந்தது 2023-ல்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2017 அக்டோபரில் அன்றைய உரிமையாளர் ஆன்டனி பிரிகோர்ட், அணியை டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேசினார். ஊரே கிளர்ந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற சாதாரண ரசிகர்கள் ஒன்றுகூடி இயக்கம் நடத்தினார்கள். கடைக் கண்ணாடியிலும் வீட்டு வாசலிலும் ‘க்ரூவைக் காப்பாற்று’ என்று பலகை. என் மகள் அப்போது சின்னப் பிள்ளை, எங்கள் வாசல் பலகைக்கு அவள்தான் வண்ணம் பூசினாள். முன்பு பிரௌன்ஸ் அணி கிளீவ்லாந்தை விட்டுப் பால்டிமோருக்குப் போன ஆத்திரத்தில் 1996-ல் ஒஹாயோ ஒரு சட்டம் போட்டிருந்தது. மக்கள் வரிப்பணத்தில் பயன்பெற்ற அணியை வெளியூருக்குக் கொண்டுபோவதானால் ஆறு மாதம் முன்பே சொல்லி, உள்ளூர்க்காரர்கள் வாங்க வழிவிட வேண்டும் என்கிறது அது. அதை வைத்து 2018 மார்ச்சில் மாநிலமும் நகரமும் வழக்குப் போட்டன. கடைசியில் ஹாஸ்லம் குடும்பமும் அணியின் மருத்துவராக இருந்தவரின் எட்வர்ட்ஸ் குடும்பமும் சேர்ந்து அணியை வாங்கின. 2021 ஜூலையில் புது மைதானம் திறந்தது. பார்க்க ஆளில்லாத ஊரில் இத்தனையும் நடக்குமா ஐயா?

இந்தக் கோபம் கொலம்பஸுக்கு வந்த பிறகு வந்ததல்ல. நான் குமரிக் கடற்கரையில் தூத்தூர்ப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் பந்து உதைப்பார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கு எங்கள் கரையிலிருந்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அப்பா காலையில் கடலிலிருந்து வந்ததும் உங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார். முழுப் பக்கமும் கிரிக்கெட். அவர் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைப்பார். 2019-ல் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் தேசியக் கால்பந்து லீகான ஐ-லீகின் பட்டம் வாங்கியபோது நான் இங்கிருந்து இணையத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். அவ்வளவு பெரிய செய்தி, ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. சில வருஷத்தில் அந்த அணி தேசிய லீகிலேயே இல்லாமல் போயிற்று. கொலம்பஸில் ஓர் அணி போகப்போகிறது என்றதும் ஊர்ப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின, அதனால்தான் மக்களுக்கு விவரம் தெரிந்தது. நம் அணி போனது நம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்திரிகை சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

இதற்கு முன்பும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. பணிச்சுமை இருக்கும், புரிகிறது. சந்தாவை நிறுத்திவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்பா படித்த பத்திரிகை என்பதால் எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். அந்த ஒரு வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். சீசன் நடக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பிய லீக் புள்ளிப் பட்டியல்களுக்குக் கீழே இந்த லீகின் பட்டியலையும் வெளியிடுங்கள். எழுத்து சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
கொலம்பஸ், ஒஹாயோ