பத்திர எழுத்தரின் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அம்மா போனுக்குக் கையை நீட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். தவிர, அது நின்றபடி பதில் சொல்கிற கேள்வியும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தரங்கம்பாடியில் பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக நம் ஆட்கள் எழுதிய அந்த 99 கடிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துவிட முடியுமா என்று கேட்டாய். உங்கள் துறையில் முடியும் என்கிறார்கள், உனக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான். உன்னுடையது கணக்கைப் பற்றியது. என்னுடையது அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது: ‘எழுதியவர்’ என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?

நான் இந்தத் தாலுக்காவில் பத்திர எழுத்தராகவே காலம் தள்ளியவன். ஒரு கிரையப் பத்திரத்தை எடுத்துப் பார். ‘இன்னாருக்கு இன்னார் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரையப் பத்திரம்’ என்று தொடங்கும். எழுதிக் கொடுத்தவர் அதில் ஒரு எழுத்துகூட எழுதியிருக்க மாட்டார். பலருக்குக் கைநாட்டுதான். எழுதியவன் நான். என் பெயர் கடைசிப் பக்கத்தில் சாட்சிகளுக்கும் கீழே உரிம எண்ணோடு ஒடுங்கிக் கிடக்கும். ‘யாதொரு வில்லங்கமும் இல்லை’, ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பதெல்லாம் நானும் எழுதியதில்லை, என் குரு எழுதியதில்லை, அவருடைய குருவும் எழுதியதில்லை. அது வழிவழியாக வருவது. நான் எழுதிய பத்திரங்களை எல்லாம் உன் கம்ப்யூட்டரில் போட்டால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் நஞ்சை விற்றவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள் என்று சொல்லிவிடும். அது சொல்வது பொய்யும் ஆகாது. ஆனால் நிலத்தை விற்றது நான் இல்லையே!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதங்களுக்கு வா. டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் பாதிரிகள் சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரை இறங்கினார்கள். அப்புறம் இன்னொரு பாதிரி கிரண்ட்லர் வந்தார். 1712 முதல் சீகன்பால்குவும் கிரண்ட்லரும் நம்மவர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். உங்கள் சாமி யார், எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்கிற மாதிரி. வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியில் இருக்கிற ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். 1714இல் 55, 1717இல் 44 என்று அவை அங்கே அச்சாயின. எழுதியவர் பெயர்கள் அச்சில் இல்லை. தமிழ் மூலமும் இன்று இல்லை. நம் ஊரில் நம் மொழியில் எழுதியது ஜெர்மனில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அந்தக் கடிதங்களில் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பன் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள் அல்லவா? ஜெர்மன் காகிதங்களில் ‘அலெப்பா’ என்று வருகிறவர். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் என்று பேசக் கூடியவர், சீகன்பால்குவுக்கு நம் பேச்சைப் பழக்கியவர். அவர்தான் எழுதினார் என்றால், ‘அப்படியானால் 99 பேரும் பொய், ஒரே ஆள் சொந்தமாக ஜோடித்தது’ என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. என் தொழிலில் இருந்தவன் யாரும் அப்படி முடிவுகட்ட மாட்டான். அவர் கூலிக்கு எழுதியிருக்கலாம், கேட்டு எழுதியிருக்கலாம், நாலு பேர் திண்ணையில் பேசியதைச் சேர்த்து ஒன்றாக எழுதியிருக்கலாம், சிலவற்றைத் தானே சொல்லியும் இருக்கலாம். நாலும் ஒரே கையெழுத்தில்தான் வரும். ஆனால் சொன்னது வேறு வேறு ஆள்.

உங்கள் முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீ அனுப்பியதைப் படித்தேன். அமெரிக்காவில் 1787-88இல் ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில், 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையதா மாடிசனுடையதா என்று நெடுங்காலம் சண்டை. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் 1964இல் சின்னச் சின்னச் சொற்களை எண்ணியே அதைத் தீர்த்தார்கள். ஹாமில்டன் ‘அப்பான்’ (upon) என்ற இங்கிலீஷ் சொல்லை ஆயிரம் சொல்லுக்கு மூன்று தடவை போடுகிறவர், மாடிசன் அதைத் தொடுவதே அரிது. யாரும் யோசித்துப் போடாத சொல்லில்தான் ஆள் மாட்டுவான் என்பது கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். பாரதி ‘இந்தியா’ பத்திரிகையில் பெயர் போடாமல் எழுதியவற்றுக்கு இது பொருந்தும். அச்சான தமிழ் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அவர் பெயரோடு வந்த உரைநடையும் இருக்கிறது.

இந்த 99க்கு அப்படி என்ன இருக்கிறது? நம் மொழியில் அந்தச் சின்னச் சொற்களில் பாதி தனியாகவே நிற்காது. ‘உம்’, ‘ஏ’, ‘ஓ’ எல்லாம் முன்னால் இருக்கிற சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும், சந்தியில் கரைந்துவிடும். இடைவெளி பார்த்துச் சொல் எண்ணுகிற கம்ப்யூட்டருக்கு அவை கண்ணில் படாது. சரி, பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று வைத்துக்கொள். ஒருவர் ‘என்று’ போடுவார், ஒருவர் ‘என’ போடுவார். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வந்திருக்கும். நீ எண்ணப்போவது சீகன்பால்குவின் பழக்கத்தையும் கிரண்ட்லரின் பழக்கத்தையும்தான். அந்த இரண்டு பேரில் எந்தக் கடிதத்தை யார் பெயர்த்தார் என்று வேண்டுமானால் கண்டுபிடி, அதுவும் ஒரு நல்ல வேலைதான்.

தமிழ் மூல ஓலையே கிடைத்திருந்தாலும் லேசில்லை. அந்தக் காலத்து ஓலையில் புள்ளி கிடையாது, ஒகரம் ஓகாரம் வித்தியாசம் கிடையாது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். படி எடுக்கிறவன் தன் ஊர் வழக்கைக் கொஞ்சம் கலப்பான். தேரழுந்தூர்க் கம்பனுக்கு நடந்தது உனக்குத் தெரியாததா? வெள்ளி பாடல்கள் என்று, பிறர் பாடி நுழைத்த ஒரு மூட்டை அவர் தலையில் ஏறியது. அதை இறக்க வந்த ரசிகமணி டி.கே.சி., தன் காதுக்குக் கம்பன் என்று படாத பாடல்களை எல்லாம் தள்ளினார். ரசிகர், பெரிய மனிதர். ஆனாலும் கம்பன் ஒரு நாள் சுமாராகப் பாடியிருக்கவே கூடாதா என்று எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. நல்லதெல்லாம் கம்பன், மட்டமானதெல்லாம் இடைச்செருகல் என்பது ரசனை. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. அந்தக் கடிதங்கள் எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டன என்பதை உங்கள் ஆட்கள் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. டேனிஷ் கோட்டையின் கண் பார்வையில். சீகன்பால்குவையே கோட்டைக் கமாண்டர் 1708இல் பிடித்து அதே கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்து வைத்தார். சொந்த ராஜா அனுப்பிய பாதிரிக்கே அந்தக் கதி என்றால், அவருக்குப் பதில் எழுதுகிற நம்ம ஊர்க்காரன் எதைச் சொல்வான், எதை விழுங்குவான்? ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் சாதிசனம், எதிரே கேள்வி கேட்கிற பாதிரி. மூன்று பேருக்கும் பயந்து எழுதினால் எல்லாருடைய நடையும் ஒன்றாகத்தான் போகும். பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். பயந்தவன் பழைய வாசகத்துக்குள் போய் ஒளிந்துகொள்வான்.

அந்தக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டாலும் இதே சிக்கல்தான். டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த ஓவே கெட்டே, 1620 என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை வாங்கினார், வேலையைத் தொடங்கினார், அடுத்த வருஷமே கப்பல் ஏறிவிட்டார். பொறுப்பு கிராப்பே கைக்கு வந்தது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பிய தங்க ஓலை கோபன்ஹேகனில் இருக்கிறது: வாசகம் தமிழ், கையெழுத்து தெலுங்கு. வாசகத்தை எழுதிய ராயசக்காரனின், அதாவது அரண்மனை எழுத்தனின் பெயர் யாருக்கும் தெரியாது. என் இனம்! ஒரு தடவை கோபன்ஹேகன் போனால் அதைப் பார்த்துவிட்டு வா, எழுத்து எப்படி இருக்கிறது என்று சொல்.

ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவர் பின்னால் இங்கே டேனிஷ் தலைவராக இருந்த கோங்ஸ்பாக்கே. டென்மார்க்கிலிருந்து 29 வருஷம் ஒரு கப்பல்கூட வரவில்லை. கடைசியில் அவர் ஒருவர்தான் டேனிஷ்காரர் என்று மிஞ்சினார். நாயக்கர் படை கப்பம் கேட்டு வந்தது. கோங்ஸ்பாக்கே வங்கக் கடலில் கப்பல்களை மடக்கி, அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுது பார்த்து மதிலும் கட்டினார். 1669இல்தான் அடுத்த கப்பல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்கிறார்கள். அப்படியானால் அவர் பெயரில் போன காகிதங்களை எழுதியது யார்? கூட வேறு டேனிஷ்காரர் இல்லை. ஒரு தமிழனோ போர்த்துகீசியம் தெரிந்த ஒரு கலப்பினத்தவனோதான் பேனா பிடித்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், ஆதாரம் என்று குறித்துவிடாதே. இப்போது ராஜவீதி முனையில் நிற்கிற வாசல் அவர் கட்டியதும் இல்லை, 1792இல் மறுபடி கட்டியது. 1845இல் எல்லாமே இங்கிலீஷ்காரனுக்குக் கிரையம் ஆகிவிட்டது, வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அந்தப் பத்திரத்தைப் படிக்க எனக்கு ரொம்ப ஆசை. நான்கெல்லை எப்படி எழுதினார்கள், கிழக்கே கடல் என்று போட்டார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றுமே செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை.

செம்பனார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் உயில் எழுத வந்தார். இரண்டு மகன்கள். சின்னவன்தான் சோறு போடுகிறான், பெரியவன் எட்டிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் நிலத்தைச் சரிபாதி எழுதச் சொன்னார். நான் வழக்கம்போல, ‘மேற்படி என் மூத்த குமாரருக்கும் சமபாத்தியம் உண்டு’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டவில்லை. “இது நான் சொன்னது இல்லீங்க. பெரியவனுக்கும் பசிக்கும்னு சொன்னேன். அதை எழுதுங்க” என்றார். உயிலில் அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எழுதினால்தான் ரேகை வைப்பேன் என்றார். எழுதினேன். நாலு பக்கமும் என் நடை, அந்த ஒரு வரி மட்டும் அவருடையது. அந்த உயிலை ஜெர்மனில் பெயர்த்தாலும், சீன மொழியில் பெயர்த்தாலும், அந்த வரி துருத்திக்கொண்டு நிற்கும்.

அதனால், சொல்லை எண்ணுவதற்கு முன்னால், அந்த 99இலும் வாசகம் எங்கே தடுக்குகிறது என்று பார். எல்லாக் கடிதத்திலும் திரும்பத் திரும்ப வருகிற வணக்கம், புகழ்ச்சி, மேற்கோள் பாட்டு எல்லாவற்றையும் தனியே எடுத்து வை, அது எழுத்தனுடைய சரக்கு. சீகன்பால்குவே கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் 1708இல் ஜெர்மனில் பெயர்த்தவர். அந்த வாசனை அடிக்கிற வரிகள் பதிலில் இருந்தால், எழுதினவன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததா, பெயர்த்தவர் கை தானாகப் போன வழியா என்று கேட்டுக்கொள். மிச்சம் இருப்பதில், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒருவர் தன் கடன், தன் வயல், தன் மாமியார் என்று எங்கேயாவது நழுவுகிறாரா பார். ஒரு கடிதத்தில் கோபம் வந்து இன்னொன்றில் அதே விஷயத்துக்குச் சிரிப்பு வருகிறதா பார். அழகப்பன் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அடுத்தவருடைய கோபத்தைச் சீராக இட்டுக்கட்ட முடியாது. அப்புறம் உன் கம்ப்யூட்டரை ஓட்டு. அது சொல்லும் எண்ணிக்கையை ‘எழுத்தர்கள் இத்தனை பேர்’ என்று மட்டும் போடு. சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதை வேறு அத்தியாயமாக வைத்துக்கொள். உங்கள் துறை ஐயா ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒரு கிரையப் பத்திரத்தின் நகலை அனுப்புகிறேன், அவரிடம் காட்டு.

எனக்கும் ஒரு வேலை கொடு. உனக்குத் தடுக்கிற மாதிரித் தெரிகிற கடிதங்களில் ஐந்தாறை, அழகு பார்க்காமல் வரிக்கு வரி தமிழில் பெயர்த்து அனுப்பு. எது வாசகம், எது வாய்ச்சொல் என்று சிவப்பு மசியில் கோடு போட்டுத் தருகிறேன். வாட்ஸ்அப்பில் வேண்டாம், எழுத்து பொடியாக இருக்கிறது. அச்செடுத்துத் தபாலில் போடு, ஒரு பக்கம் ஓரம் நிறைய விடு.

அம்மா தனியாகப் பேசுவாள். குளிருக்கு அவள் கொடுத்த கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாயாம், அதற்கு என்னிடம் பேச்சு வாங்கித் தராதே.

இப்படிக்கு,
அப்பா