டார்ச் தாத்தாவின் வாரிசு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான்கு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ திட்டத் தொடங்குவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். மாடி காலியாகிவிட்டது.

ஓராண்டு ஒப்பந்தம். ஏழாம் மாதத்தில், குடியிருந்த பையன் வந்து, வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறேன் என்றான். 2 மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவன் கொடுத்தது 12 நாள். எனக்குக் கோபம் வந்தது என்றுதான் வீட்டில் சொன்னேன். உன்னிடம் எதற்குப் பொய்? வந்தது பயம். அவன் கொடுத்த அட்வான்ஸில் பாதி என்னிடம் இல்லை. மொட்டை மாடிக்குத் தளம் போட்டதில் கரைந்துவிட்டது.

அன்று இரவே உட்கார்ந்து, அட்வான்ஸில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டேன். சுவரில் ஆணி ஓட்டை 9. அடுப்பு மேடைக்கு மேலே எண்ணெய்க் கறை. உடைந்த குளியலறைக் குழாய். வீடு முழுக்க வெள்ளையடிப்பு. மீதி 5 மாத வாடகை. கூட்டிப் பார்த்தால், அட்வான்ஸ் போக அவன்தான் எனக்குக் கொடுக்க வேண்டியிருந்தது! மகிழ்ச்சியாக நிமிர்ந்தபோதுதான் என் கையைப் பார்த்தேன். டார்ச்.

சிரிக்காதே. டார்ச் அடித்துச் சுவரில் ஓட்டை தேடி உன் அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டாரே அந்த வீட்டுக்காரத் தாத்தா, அதைத் திரும்பக் கேட்டு நீ அவர் வீட்டுப் படியில் ஐந்து முறை ஏறியதும், நான் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதும் எனக்கும் மறக்கவில்லை.

அப்படியும் காலையில் பட்டியலை நீட்டினேன். பையன் வாதாடவில்லை. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான், குடிவந்த நாளில் எடுத்தது. அதே எண்ணெய்க் கறை. அதன் பக்கத்தில் சாவியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

அதன் பிறகு பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஆணி ஓட்டையும் மங்கிய சுண்ணாம்பும் குடியிருந்ததன் தேய்மானம். அதற்குத்தான் வாடகை வாங்கினேன். குழாயை உடைத்தது தான்தான் என்று அவனே ஒப்புக்கொண்டான். மின் மீட்டரை இருவரும் சேர்ந்து பார்த்துக் குறித்துக் கையெழுத்திட்டோம். 5 மாத வாடகைதான் இழுத்தது. நம் வக்கீல் மாப்பிள்ளையைக் கேட்டால், "இத்தனை மாதம் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதி வாங்கினீர்களா?" என்றான். இல்லை. அப்படியானால் முன்னறிவிப்பில் குறைந்த நாட்களைத்தான் கேட்கலாமாம். அதற்குள், அவன் காலி செய்த 23ஆம் நாளே புதுக் குடும்பம் வந்துவிட்டது. ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பேரிடம் வாடகை வாங்க எனக்கு மனம் வரவில்லை. காலியாக இருந்த 22 நாளுக்கு மட்டும் பிடிக்கிறேன் என்றேன்.

"அதில் 8 நாள் நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டீர்களே, பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்களே" என்றான். உண்மைதான். 14 நாள் என்று முடிந்தது.

கையிலிருந்த பாதியைக் கொடுத்து, மீதியை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதியவர்களின் அட்வான்ஸிலிருந்து எடுத்துத் தந்துவிடலாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். உன் தங்கை அதைத் தனிக் கணக்கில் போட்டுப் பாஸ்புத்தகத்தையும் ஒளித்துவிட்டாள். ஆகையால் கைமாற்றாக ஏதாவது உன்னிடம் புரளுமா? ஒரு மாதம் போதும். முடியாது என்றால் முடியாது என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கீழ்வீட்டை நீயும் வாடகைக்கு விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். சாவி கொடுக்கும் அன்றே அறை அறையாகப் படம் எடுத்து இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் நீ மட்டும் நிற்காதே.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த 14 நாளை நீயாக இருந்தால் பிடித்திருப்பாயா? தாத்தா வீட்டுப் படி ஏறியவன் நீ. வளவளவென்று இல்லாமல் பதில் எழுது.

உன்,
சைக்கிள் காவலன்