பச்சை, கறுப்பு என்று மட்டும் எழுதாதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். குளிர் தொடங்கியதும் அப்பாவின் முழங்கால் வலி மட்டும் திரும்பி வந்துவிட்டது. வடக்கு ஸ்பெயினில், பில்பாவோவில் நீ திறக்கப்போகும் கடைக்கென்று அனுப்பியிருந்த விலைப்பட்டியலை நேற்று இரவு உணவுக்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். பாலாடைக்கட்டிக்கு ஊரின் பெயரையும், மதுவுக்குத் திராட்சையின் பெயரையும் ஆண்டையும் எழுதத் தெரிந்த நீ, ஆலிவுக்கு மட்டும் "பச்சை", "கறுப்பு" என்று இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டாய். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். ஆலிவ் விளையும் ஹயேனில் பிறந்த பிள்ளை எழுதும் பட்டியலா இது என்று அவர் வாய்விட்டுக் கேட்காததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

நிறம் காயின் வயதைத்தான் சொல்லும். எந்த மரத்துக் காயும் முதலில் பச்சையாக இருந்து, பிறகு ஊதா ஏறி, கடைசியில் கறுக்கும். டப்பாக்களில் ஒரே சீராகக் கறுத்திருப்பவையோ பெரும்பாலும் மரத்தில் பழுத்தவை அல்ல. ஓஹிப்ளாங்கா போன்ற வகைகளின் காய்களைப் பழுக்கும் முன்பே பறித்து, கசப்பை நீக்கும் காரநீரில் (காஸ்டிக் சோடா கரைத்த நீர்) ஊறவைத்து, நீருக்குள் காற்றைச் செலுத்திக் கறுக்கச் செய்து, அந்த நிறம் நிலைக்க இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு ஆலிவை நம்பித்தான் உன் மாமா வீடு நடந்தது. 2018-இல் அமெரிக்கா அதற்குக் கூடுதல் வரி விதித்தபோது அவர்கள் பட்ட பாட்டை நீ அறிவாய். ஆனால் "கறுப்பு" என்று எழுதி அதையே விற்றால், வாங்குபவர் அதைப் பழுத்த காய் என்றுதான் எண்ணிக்கொள்வார். உண்மையிலேயே மரத்தில் கறுத்தது வேண்டுமென்றால் அரகோனின் எம்பெல்த்ரே வகையை வாங்கி வை. ஒட்டுக்கட்டுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; சதை மென்மையாக இருக்கும், கசப்பு குறைவு.

நான் செவீயா மாகாணத்து அராஹாலில் பிறந்தவள் என்பதால், மன்சனீயா வகையைப் பற்றி அப்பாவைவிட எனக்கே அதிகம் தெரியும். "சிறிய ஆப்பிள்" என்று பொருள்படும் அந்தப் பெயர் அதன் உருண்டை வடிவத்தால் வந்தது. செவீயாப் பக்கத்தில் செப்டம்பரில், காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, கழுத்தில் கூடையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, பால் கறப்பதுபோல் கிளையை விரல்களால் உருவிப் பறிப்போம். கம்பால் அடித்தால் அதன் மெல்லிய தோலில் கன்றிய தழும்பு விழும். தழும்பு விழுந்த காயின் விலையும் விழுந்துவிடும். அதன் பிறகு காரநீர். எங்கள் அம்மா அவ்வப்போது ஒரு காயைக் குறுக்கே அறுத்து, காரநீர் சதையில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குமேல் விட்டால் சதை குழைந்துவிடும். முன்னதாகவே எடுத்தால் கசப்பு நிற்கும். பலமுறை கழுவி உப்பு நீரில் போட்ட பிறகு, மாதக்கணக்கில் அது தானாகவே புளித்து, இன்று உலகமெங்கும் தெரிந்த அந்தச் சுவையை அடைகிறது. கொட்டையிலிருந்து சதை எளிதில் கழன்றுவிடுவதால், நெத்திலியோ சிவப்பு மிளகாயோ வைத்து அடைப்பதற்கும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அடுத்த வகை கோர்தால். அந்தப் பெயருக்குப் பருத்தது என்று பொருள். ஒரு காயே 12 கிராம் வரை இருக்கும். எண்ணெய் மிகக் குறைவு என்பதால் ஆலைக்கு உதவாது. தட்டில் பார்க்க அழகுதான், ஆனால் சதையின் நயத்தில் மன்சனீயாவுக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

மாலாகாவின் குவாதலோர்ஸே பள்ளத்தாக்கில் விளையும் அலொரேன்யா வகையையும் கேட்டு வாங்கு. அதில் கசப்பு குறைவு என்பதால் காரநீரே தேவையில்லை. காயைத் தட்டிப் பிளந்து, உப்பு நீரில் பூண்டு, பெருஞ்சீரகத் தண்டு, தைம் இலை, மிளகாய் சேர்த்து ஊறப்போட்டால் போதும். நீண்ட நாள் தாங்காது. குறைவாக வாங்கிக் குளிரில் வைத்துக்கொள்.

எண்ணெய்க்கு வந்தால் அப்பாவுக்குப் பிடித்த பிக்குவால் வகை. நுனி கூராக இருப்பதால் வந்த பெயர். ஸ்பெயினில் மிக அதிகமாக விளைவதும், நம் மாகாணத்தின் மலைச்சரிவுகளை நிறைத்திருப்பதும் அதுதான். அதன் எண்ணெயில் ஒலேயிக் என்ற கொழுப்பு அமிலம் 80 விழுக்காடு அளவுக்கு இருப்பதாலும், கசப்பும் காரமும் தரும் பாலிஃபீனால்கள் மிகுந்திருப்பதாலும் எளிதில் சிக்குவாடை பிடிப்பதில்லை. பொரிப்பதற்கும் நன்றாகத் தாங்கும். முன்பெல்லாம் வடக்கே அதைப் பூனை நாற்றம் அடிக்கும் எண்ணெய் என்று ஏளனம் செய்வார்கள். பழி மரத்தின்மேல் விழுந்தது, தவறு எங்களுடையது. எடை கூடட்டும் என்று ஜனவரி தாண்டியும் காத்திருந்து, தரையில் உதிர்ந்து கிடந்தவற்றையும் மரத்திலிருந்து இறக்கியவற்றோடு கலந்து, சாக்கில் நாள்கணக்கில் சூடேறவிட்டுத்தான் ஆலைக்குக் கொண்டுபோவோம். இப்போது அக்டோபரிலேயே வலை விரித்து இறக்கி, அன்றே அரைத்துவிடுகிறோம். எண்ணெய் குறைவாகத்தான் கிடைக்கிறது; ஆனால் புட்டியைத் திறந்தால் தக்காளி இலையும் அத்தி இலையும் கசக்கிய வாசனை வருகிறது.

அர்பெகினா வகை இதற்கு நேர்மாறு. லேய்தாவில் உள்ள அர்பேகா என்ற ஊரின் பெயரைக் கொண்டது. காய் இரண்டு கிராம்கூட இராது. மரம் அடக்கமாக வளர்வதால் இப்போது வேலி போல நெருக்கமாக நட்டு, மேலாக ஓடும் இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். எண்ணெய் ஆப்பிளும் பாதாமும் மணக்க, இனிமையாக இருக்கும். கசப்புக்குப் பழகாதவருக்கு முதலில் இதையே ஊற்றிக் கொடு. ஆலிவ் எண்ணெயும் பூண்டும் சேர்த்துச் செய்யும் உங்கள் ஊர்ப் பில்-பில் மீனுக்கும் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் விரைவில் தளர்ந்துபோகும். கோடைக்காலத்தில் கண்ணாடி அலமாரியில் அடுக்காதே.

இரண்டுக்கும் நடுவில் கோர்தோபா, மாலாகா பக்கத்து ஓஹிப்ளாங்கா நிற்கிறது. இலையின் அடிப்புறம் வெள்ளி போல வெளுத்திருப்பதால் "வெள்ளை இலை" என்று பெயர். எண்ணெய்க்கும் ஆகும், மேசைக்கும் ஆகும். காய் கிளையைப் பிடித்த பிடியை விடாது. உலுக்கும் இயந்திரத்தோடு மாமா மல்லாடுவதைப் பார்த்திருக்கிறாய். ஆட்டுக்கொம்பு போல வளைந்த தொலேதோவின் கோர்னிகாப்ராவும் நெடுநாள் கெடாத நல்ல எண்ணெய் தரும். இரண்டு புட்டி வைத்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை உனக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். மன்சனீயா ஜாடியைத் திறந்த பிறகு காய்கள் உப்பு நீருக்குள் மூழ்கியே இருக்கவேண்டும். ஈரக் கையை உள்ளே விடாதே. பட்டியலைத் திருத்தும்போது பிக்குவாலை முதல் வரியில் எழுதச் சொல்கிறார் அப்பா. நான் மன்சனீயா என்கிறேன். நீயே முடிவு செய்துகொள், ஆனால் என்னிடம் மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா