கீரைக்குத் தடை, வயிற்றுப்போக்கு மாத்திரைக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய வால்வு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில் முருங்கைக்கீரை சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு வழக்கே நடந்து முடிந்திருக்கும். அதே வீட்டில் அவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் தெருமுனை மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் கீரையைவிட அந்த நாலு மாத்திரையில்தான் ஆபத்து அதிகம். கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் கீரை சாப்பிடுகிறவருக்கு அதற்கேற்ப டோஸை வைத்துவிடலாம். திடீரென்று நிறுத்துவதும் திடீரென்று குவிப்பதும்தான் கூடாது.

அந்த நாலு மாத்திரை பெரும்பாலும் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த ஆன்டிபயாடிக்காக இருக்கும். இல்லையென்றால் மெட்ரோனிடசோல் 400 மி.கி. அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டையும் சிதைத்து வெளியேற்றுவதில் கல்லீரலின் சிஒய்பி2சி9 என்ற நொதிக்கு முக்கியப் பங்கு உண்டு. படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலும் இந்த நொதியை முடக்குகின்றன. மெட்ரோனிடசோலும் வார்ஃபரின் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆக, நோயாளி டோஸை மாற்றாமலே ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடுகிறது. வயிற்றுப்போக்கில் சாப்பாடு இறங்காததால் உடலுக்குப் போகும் வைட்டமின் கே வேறு குறைகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

இதன் தந்திரம் நாள் கணக்கில் இருக்கிறது. உறைதலுக்கு வேண்டிய புரதங்களில் ஏழாம் காரணி ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 6 மணி நேரம் ஆகும். புரோத்ராம்பினுக்கோ 60 மணி நேரத்துக்கு மேல். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீர வேண்டும் என்பதால் முதல் நாளே எதுவும் தெரியாது. மூன்று நாள் மாத்திரை முடிந்து, வயிறும் சரியான பிறகு பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், தொடையில் இடித்த நினைவே இல்லாத நீலத் தழும்பு, சிவந்த சிறுநீர், தார் போலக் கறுத்த மலம் என்று வரும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற சோதனை அளவு 2.8-லிருந்து 7-க்கு மேல் போயிருக்கும். வயிற்றுப்போக்கு மாத்திரையையும் இதையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. கடுமையான தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் அது மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பொதுவாக ஐஎன்ஆர் 2 முதல் 3 வரை வைப்பார்கள். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலான மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5 வரை. 4.5-ஐத் தாண்டினால் கசிவு அபாயம் வேகமாக ஏறுகிறது. பயந்துபோய் அசிட்ரோமை நாமாக நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் உறைந்துவிடலாம். அதுவும் உயிருக்கு ஆபத்து. எத்தனை வேளை நிறுத்துவது, வைட்டமின் கே வேண்டுமா என்பதை மருத்துவர்தான் ஐஎன்ஆர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மெட்ரோனிடசோல் கட்டாயம் தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடங்கும் முன் ஒரு ஐஎன்ஆர், மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் ஒன்று, முடித்து ஒரு வாரத்தில் ஒன்று எடுக்க வேண்டும். சில மருத்துவர்கள் அந்த நாட்களுக்கு மட்டும் உறைவு எதிர்ப்பு மாத்திரையை மூன்றில் ஒரு பங்கு வரை முன்கூட்டியே குறைப்பார்கள். ஆனால் தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் ஓஆர்எஸ் கரைசலே போதும். ஆன்டிபயாடிக் எதற்கு?

பல் மருத்துவரிடம் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. பல் பிடுங்கினால் மெட்ரோனிடசோலும் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் ஒரே சீட்டில் வரும். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் ஐஎன்ஆரைப் பெரிதாக ஏற்றாது என்பதால் சோதனையில் அவற்றின் கைவரிசை தெரியாது. அவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் இரைப்பையின் உள்தோலையும் பாதிக்கின்றன. வலிக்குப் பாராசிட்டமால் மேல். அதுவும் தினம் 2 கிராமுக்கு மேல் பல நாள் போனால் ஐஎன்ஆர் ஏறும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல் வெறும் பூச்சுதானே என்று நினைக்க வேண்டாம். அதை வார்ஃபரினோடு சேர்ப்பது பற்றி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் தனியாகவே எச்சரித்தது. இன்னொன்று: ஐஎன்ஆர் 4-க்குக் கீழ் இருந்தால் சாதாரணப் பல் பிடுங்கலுக்கு அசிட்ரோமை நிறுத்த வேண்டியதில்லை. தையல், அழுத்தம், ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலக் கொப்பளிப்பு ஆகியவற்றால் சமாளிக்கலாம்.

காசநோய் மருந்தில் எல்லாம் தலைகீழ். ரிஃபாம்பிசின் அதே நொதியைத் தூண்டிவிடுகிறது. ஓரிரு வாரத்தில் ஐஎன்ஆர் சரிய, மருத்துவர் அசிட்ரோமை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போவார். ஆறு மாதம் கழித்துக் காசநோய் சிகிச்சை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். தூண்டல் அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஏற்றிய டோஸோ அப்படியே இருக்கும். ஆபத்தான காலம் அதுதான். காசநோய் மருந்து ஓரிடம், அசிட்ரோம் ஓரிடம் என்று வாங்குவதால் இந்த ஒரு மாதத்துக்கு யாரும் பொறுப்பில்லை. கடைசி ரிஃபாம்பிசின் மாத்திரைக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் வாராவாரம் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும்.

ரிவராக்சபான் போன்ற புதிய உறைவு எதிர்ப்பு மாத்திரைகளுக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஒத்துவராது. ருமாட்டிக் இதயநோயோடு தாறுமாறான இதயத்துடிப்பும் உள்ளவர்களிடம் ரிவராக்சபானைவிடப் பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வும் காட்டியது. ஆகவே அசிட்ரோம் இன்னும் பல காலம் இருக்கும்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. மெட்ரோனிடசோலும் ஆஃப்லாக்சசினும் அட்டவணை எச் மருந்துகள். சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கத்தரிக்கோலால் நாலு மாத்திரையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயர் மாத்திரை அட்டையின் மறுபாதியிலேயே நின்றுவிடுகிறது. பிறகு ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் “வெள்ளை மாத்திரை” என்பதே பதில். உறையில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். “வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டால் பிரஷர், சுகர் என்பார்கள். “மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றுகிற மாத்திரை ஏதாவது உண்டா” என்று கேட்டால் அசிட்ரோம் வெளியே வரும்.

இப்படிச் சேர்ந்து கெடுத்த மருந்துகளைப் பற்றிப் பொதுமக்களும் புகார் தரலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில். இரண்டு மருந்தின் பெயர்கள், டோஸ், தொடங்கிய தேதி, ஐஎன்ஆர் சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை