பொக்கெற்றுக்குள் ஒளித்த விரல்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் வணக்கம்.

2025 மே 6, பிரதேச சபைத் தேர்தல். அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாக்களிப்பு நிலையத்துக்குப் போனேன். அவர் உள்ளே போக, நான் வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். தெரிந்த பொடியன் ஒருவன் வந்து, "என்ன அண்ணை, போட்டாச்சா?" என்றான். "ஓம்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில், மை இல்லாத விரலை ஒளித்துக்கொண்டு நின்றேன்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை பெற்று, அதை ஒரு நாள் மிச்சமில்லாமல் அனுபவித்து, 2020இல் வீட்டுக்கு வந்தவன் நான். அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறையிருந்து வந்தவர்களில் என்னைப் போன்றவர்களுக்கு, வெளியே வந்த பிறகும் ஏழு வருடம் வாக்கில்லை. நீதிபதி தந்த தண்டனை முடிந்துவிட்டது. இந்த ஏழு வருடத்தை யார், எந்தக் குற்றத்துக்காகத் தந்தது? என்னிடம் வாக்குமூலம் வாங்கத் தெரிந்த அரசுக்கு என் வாக்கை வாங்க மட்டும் மனமில்லை.

அந்த ஏழு வருட விதியை நீக்குங்கள். கேட்பது இவ்வளவுதான்.

சவர்க்காரம் வாங்கினாலும் 18 வீத வற் வரி கட்டுகிறேன். அங்கே ஒருவரும் "நீ உள்ளே இருந்தவனா?" என்று கேட்பதில்லை. போன தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த உங்கள் ஆட்கள், எனக்கு வாக்கில்லை என்று தெரிந்ததும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். மனைவி தந்தது நல்ல தேத்தண்ணி. மரண தண்டனை விதிக்கப்பட்டு மேன்முறையீடு செய்திருந்த ஒருவர் 2020இல் சிறையிலிருந்து வந்து உங்கள் சபையிலேயே சத்தியப்பிரமாணம் செய்தார். பிறகு விடுதலையும் ஆனார், சரி. அவருக்குக் கதவு திறந்தது. எனக்கு வாக்குப் பெட்டியின் வாய்கூடத் திறக்கவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 225 பேரில் 150 பேர் ஆதரித்தால் இதைத் திருத்தலாம். ஆளுந்தரப்பிடம் மட்டும் 159 ஆசனம் இருக்கிறது. கட்சி வேறுபாட்டை ஒருபக்கம் வைத்துவிட்டு, ஆறு பேரும் சேர்ந்து அந்த விதியை நீக்கக் கோரும் பிரேரணை ஒன்றைக் கொண்டுவரும்படி தயவாய்க் கேட்கிறேன்.

பதில் போடுவதென்றால் தமிழிலேயே போடுங்கள். சிறையிலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் சிங்களம் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துத்தான் அம்மா வாசித்தார்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்பிலிருந்து, வாக்காளர் இடாப்பில் பெயரில்லாத ஒருவன்