யாரா கரை: வரைபடம் போடும்போதே கூப்பிட வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னின் யாரா ஆற்றங்கரைப் பூங்காக்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைக்கிள் பாதை, நடைபாலம், படகுத்துறை, பார்பிக்யூ மேடை என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் அந்த ஆற்றின் பாரம்பரிய உரிமையாளர்களான வுருண்ட்ஜெரி பூர்வகுடி மக்களுக்குக் கிடைத்தது கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. அவர்களிடமும் கருத்துக் கேட்டார்களாம், அவ்வளவுதான். இந்த ஊரில் குடியிருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், இங்கே நடக்கிற முக்கியமான விஷயமே அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

யாரா 242 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. அதன் கரை இவ்வளவு காலமும் மாநகராட்சிகள், பூங்காத் துறை, குடிநீர் நிறுவனம், கோல்ஃப் கிளப்கள் என்று துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் நடக்கிற வேலை அடுத்த துண்டுக்குத் தெரியாது. 2017இல் விக்டோரியா மாநில நாடாளுமன்றம் யாராவுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆற்றையும் அதன் கரை நிலங்களையும் பிரிக்க முடியாத ஒரே உயிருள்ள அமைப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டத்தின் தலைப்பிலேயே அந்த மக்களின் வொய்வுரங் மொழி இருக்கிறது, வுருண்ட்ஜெரி மூத்தோர் அவையிலேயே தங்கள் மொழியில் பேசினார்கள். ஆற்றுக்காக அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல பிரருங் கவுன்சில் என்ற குழு வந்தது, அதில் குறைந்தது 2 பேராவது வுருண்ட்ஜெரி அமைப்பு பரிந்துரைத்தவர்களாக இருக்க வேண்டும். 2022இல் முழு ஆற்றுக்குமான திட்டமும் வந்துவிட்டது.

நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவுன்சில் அமைச்சருக்கு ஆலோசனைதான் சொல்லலாம், ஒரு திட்டத்தை நிறுத்த முடியாது. அதே 2017இல் நியூசிலாந்து வாங்கானுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராகவே ஏற்று, அதன் சார்பில் பேச ஆட்களையும் நியமித்தது. யாராவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

ஓரளவு பல் உள்ள சட்டம் வேறொன்று இருக்கிறது, 2006ஆம் ஆண்டின் பூர்வகுடி பாரம்பரியச் சட்டம். ஆற்றிலிருந்து 200 மீட்டருக்குள் பெரிய கட்டுமானம் என்றால், பெரும்பாலும் முதலில் ஒரு பாரம்பரியப் பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும், அந்த நிலத்துக்குரிய பூர்வகுடி அமைப்பு அதை ஏற்கவும் செய்யலாம், நிராகரிக்கவும் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், இதெல்லாம் வருவதற்குள் பாதை எங்கே, பாலம் எங்கே, கார் நிறுத்துமிடம் எங்கே என்று வரைந்து, பணமும் ஒதுக்கி முடித்திருப்பார்கள். அப்புறம் பழைய முகாம் இருந்த இடமோ, முன்னோர் பட்டை உரித்த வடு உள்ள மரமோ குறுக்கே வந்தால், தாமதத்துக்குக் காரணம் அந்த மக்கள்தான் என்று பேச்சு கிளம்பும். முதல் கோடு போடும்போதே கூப்பிட்டிருந்தால் பாதை பத்தடி தள்ளிப் போயிருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை.

சரியாகச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு புல்லீனில் உள்ள பொலின் பொலினைப் பாருங்கள். அது ஒரு பில்லபாங், அதாவது ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன வளைவில் தேங்கிய குளம். விலாங்கு மீன் பிடிக்கும் காலத்தில் வுருண்ட்ஜெரி மக்கள் பெருங்கூட்டமாக அங்கே கூடுவார்கள். மேலே அணைகள் வந்தன, அப்பர் யாரா அணை 1957இல் முடிந்தது, நகரத்துக்குக் குடிநீர் கிடைத்தது. ஆனால் குளத்தை நிரப்புகிற வெள்ளம் குறைந்து, குளம் வறண்டது, சுற்றியிருந்த மரங்களும் வாடின. 2017இல் ஆற்றிலிருந்து பம்பு வைத்து அதில் நீர் ஏற்றினார்கள். நீரியல் ஆட்களோடு வுருண்ட்ஜெரி மக்களும் சேர்ந்து முடிவெடுத்து, சேர்ந்தே கண்காணித்தார்கள். எனக்கு எந்த நடைபாலத்தையும்விட இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. ஆற்றங்கரைப் பூங்கா என்றால் புல்வெளி மட்டுமா? தண்ணீர் எப்போது, எவ்வளவு, எங்கே போகும் என்பதும் அதில் சேர்த்திதானே.

கூப்பிட்டதும் அவர்கள் ஏன் உடனே சரி சொல்வதில்லை என்று சிலர் கேட்பார்கள். அதே ஆற்றின் பள்ளத்தாக்கில், ஹீல்ஸ்வில் பக்கம், 1863இல் பூர்வகுடி மக்களுக்கான கொரண்டெர்க் குடியிருப்பு அமைந்தது. அந்த மக்கள் அங்கே பீருக்குப் பயன்படும் ஹாப்ஸ் பயிரிட்டு நன்றாகவே பிழைத்தார்கள். நிலத்தைப் பறிக்கப் பேச்சு எழுந்தபோது வுருண்ட்ஜெரி தலைவர் வில்லியம் பராக் தலைமையில் மெல்பர்னுக்கு நடந்தே போய் மனு கொடுத்தார்கள், 1881இல் விசாரணையும் நடந்தது. 1886இல் வந்த ஒரு சட்டம் கலப்பு வம்சம் என்று சொல்லி இளையவர்களை வெளியேற்றியது, 1893இல் பாதி நிலம் போனது, 1924இல் குடியிருப்பையே மூடினார்கள். ஆலோசனைக் கூட்டத்துக்கு ஆறு வாரம் கெடு வைக்கிற அதிகாரிகள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

இங்கே நம் தமிழ்ச் சங்க விழாக்களிலும் நிலத்தின் உரிமையாளர்களுக்கு மரியாதை செலுத்தும் வாசகத்தைப் படிக்கிறோம், பெரும்பாலும் மைக் சரிபார்க்கிற வேகத்தில். அதனால் அதிகாரிகளை மட்டும் குறை சொல்ல வாயில்லை.

ஒரு வேண்டுகோள். இதன் தொடர்ச்சி வருமானால், திட்டத்தில் ஆற்றையும் கரையையும் பராமரிக்கும் பூர்வகுடி ரேஞ்சர்களுக்கு நிரந்தரச் சம்பளம் உண்டா, பில்லபாங்குகளுக்கு ஆண்டுதோறும் நீர் உறுதியா, அவர்கள் வேண்டாம் என்றால் எந்த வேலை நிற்கும், இந்த மூன்றையும் கட்டுரையாளர் விசாரித்து எழுதட்டும். பார்பிக்யூ மேடைகளின் எண்ணிக்கையை நாங்களே போய் எண்ணிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மெல்பர்ன்