திரும்ப எழுத வேண்டிய மொய்

தஞ்சாவூர்,
ஆவணி 9.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அரிய புற்றுநோய் கண்டவர்களுக்குப் பணம் திரட்ட நாங்கள் வைத்த விருந்தின் மண்டபத்துக் கணக்கை முடித்து, அரிசி கொடுத்தவர் முதல் பாத்திரம் கழுவியவர் வரை எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் பதில் எழுத உட்கார வேண்டும் என்று இருந்தேன். முழங்கால் வலி குறைந்து நீ படியேறத் தொடங்கிவிட்டாய் என்பது பெரிய நிம்மதி. முந்நூறு பேருக்கு இலை போட்ட செலவை நோயாளிகள் கையிலேயே கொடுத்திருக்கலாமே, விருந்து எதற்கு என்று நீ கேட்டிருந்தாய். எங்கள் குழுவின் முதல் கூட்டத்தில் என் தம்பியும் இதையேதான் கேட்டான். அவனுக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தம்பிக்கு வந்திருப்பது ஜிஸ்ட் என்னும் நோய் என்று முன்பே எழுதியிருந்தேன். இரைப்பையின் உள்தோலில் வரும் வழக்கமான புற்றுநோய் அல்ல இது. குடலை அசைத்துக்கொடுக்கும் செல்கள் சுவருக்குள் இருக்கின்றன அல்லவா, அவற்றோடு தொடர்புடைய கட்டி. தோப்பில் நாலு மட்டையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது என்று அவன் சொன்ன நாளிலிருந்து, கட்டி இருப்பது தெரிந்த நாள் வரை ஏழு மாதங்கள் போயின. அதுவரை வயிற்றுப் புண் என்றும் இரத்தசோகை என்றும் சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கட்டியிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர்மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு வரும் நோயை, ஒரு சிற்றூர் மருத்துவர் தம் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே அதிகம் என்று பிறகு புரிந்தது. கோபம் தணிந்தது, அந்த ஏழு மாதங்கள் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

விருந்துக்கு வந்திருந்த புற்றுநோய் மருத்துவர் இதை மிக எளிமையாக விளக்கினார். ஐரோப்பாவில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருகின்ற புற்றுநோயை அரிய புற்றுநோய் என்று வகைப்படுத்துகிறார்கள். அப்படி ஏறத்தாழ இருநூறு வகைகள் உள்ளன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் விட்டு எண்ணும் அளவு. எல்லாவற்றையும் கூட்டினால் அங்கு புதிதாகப் புற்றுநோய் காண்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தக் கூட்டத்தில் வந்துவிடுகிறார். எலும்பிலும் தசையிலும் வரும் சார்கோமா, குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா எல்லாம் இதில் சேர்ந்தவையே. இத்தனை பேர் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு புதிய மருந்தைச் சோதிக்க நூறு நோயாளிகள் தேவை என்றால் அந்த நூறு பேர் நூறு ஊர்களில் இருக்கிறார்கள். விற்பனை குறைவு என்பதால் மருந்து நிறுவனங்களும் இந்தப் பக்கம் எளிதில் திரும்புவதில்லை.

அதனால்தான் விருந்து வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நம் பக்கத்து மொய் விருந்து உனக்குத் தெரியாததல்ல. ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு எங்கும் பந்தல்தான். அழைத்தால் வருவார்கள், சாப்பிடுவார்கள், நோட்டில் பெயரும் ஊரும் சொல்லி மொய் எழுதுவார்கள். உண்டியலைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கூட இலையில் கைநனைத்துவிட்டால் எழுதாமல் எழுந்திருக்க மாட்டார். வழக்கமான கறி விருந்தாக இல்லாமல் காலை விருந்தாக வைக்கச் சொன்னவன் தம்பி. அவன் சாப்பிடும் இமாடினிப் மாத்திரையை உணவோடும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடும்தான் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். அவன் அதைக் காலையில்தான் போடுவான். நம்மைப் போன்றவர்கள் பந்தியில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் மாத்திரை போட்டுக்கொள்ளும் ஒரு காலை வேண்டும் என்றான்.

செலவைப் பற்றிக் கேட்டாய். அரிசியும் உளுந்தும் நன்கொடை. தேங்காய் தம்பியின் தோப்பிலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடியோடு சாய்த்துவிட்டுப் போன அதே தோப்பில், பிறகு வைத்த கன்றுகள் காய்த்த காய். இலைக்கட்டு திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பினார். கும்பகோணத்துச் சமையல்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, சட்னி, இவற்றோடு பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணக்கும் கடப்பா. கடைசியில் ஒரு கரண்டி அசோகா அல்வா. மண்டப வாடகையும் எரிவாயுவும்தான் எங்கள் கையை விட்டுப் போன பணம்.

இரண்டாம் பந்தியில் நடந்ததை உனக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். தம்பிக்கு எதிரிலையில் மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், கறுப்புக் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருந்தார். தம்பி சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்ததும் அவர் கை அப்படியே நின்றது. பிறகு தம் பையைத் திறந்து அதே பெயருள்ள அட்டையை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றினார். தம்பிக்குக் காலையில் இருப்பதுபோலவே அவருக்கும் இரண்டு கண்ணைச் சுற்றிலும் நீர் கோத்து வீங்கியிருந்தது; இந்த மருந்தின் பக்கவிளைவு அது. "இராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறதா?" என்றார். "இழுக்கிறது அண்ணே, எழுந்து நின்றால்தான் விடுகிறது" என்றான் தம்பி. பொங்கல் ஆறிப்போகும் வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக நான் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அவன் முகம் ஒருநாளும் அப்படித் தெளிந்ததில்லை. அந்தக் காசை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா, நீயே சொல்.

மொய் மேசையில் வேறொரு கேள்வி எழுந்தது. எண்பதைக் கடந்த ஒரு பெரியவர், சாப்பிட்டுக் கைகழுவி வந்து, ஐந்நூறு ரூபாயை நீட்டியபடி, "இதைத் திரும்ப யார் எழுதுவார்கள்?" என்று கேட்டார். தவறான கேள்வி இல்லை. மொய் என்பது தானம் அல்ல, கைமாற்று; வாங்கியவன் திரும்ப எழுதியே ஆக வேண்டும். நோட்டு எழுதிக்கொண்டிருந்த பையன் விழித்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு அந்தப் பெரியவரிடம் தம்பி விழுங்கும் மாத்திரையின் கதையைச் சொன்னேன்.

அந்தக் கதை உனக்கும் தெரிய வேண்டும். முன்பு இந்தக் கட்டியைத் தசைக் கட்டி என்று எண்ணி, எந்தப் பலனும் தராத கீமோ மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1998இல் ஜப்பானின் ஒசாகா நகரத்து ஆய்வாளர்கள், கிட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே இந்தச் செல்களை ஓயாமல் பெருகவைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக அப்போது சோதனையில் இருந்த இமாடினிப், இந்தக் கிட்டின் செயலையும் தடுக்கக்கூடியது என்பது தெரிந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், பின்லாந்து நாட்டில், எல்லாச் சிகிச்சையும் கைவிட்டிருந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவர் அதைச் சாப்பிட ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே இந்த நோய்க்கு அந்த மாத்திரையை விழுங்கிய முதல் ஆள் அவர். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கத் தொடங்கின. 2002இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதை அனுமதித்தார்கள்.

ஆனால் அனுமதி கிடைத்தால் மட்டும் போதுமா? நம் நாட்டில் அந்த மருந்தைக் கொண்டுவந்த நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரை விற்றது. இங்கே செய்த அதே மருந்து எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைத்தது. தான் மட்டுமே விற்க வேண்டும் என்று அந்த நிறுவனம் நடத்திய காப்புரிமை வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகவும் வந்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்று விடாமல் எதிர்த்து நின்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. பேராவூரணியில் தென்னை வைத்திருக்கும் ஒருவன் இன்று அந்த மாத்திரையைச் சாப்பிட முடிகிறது என்றால், ஒசாகாவில் சிலர், பின்லாந்தில் ஒரு பெண், மும்பையில் சிலர் நமக்கு முன்கூட்டியே மொய் எழுதியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? நாங்கள் இப்போது எழுதுவது அதற்குத் திரும்ப எழுதும் மொய் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இடுப்பு முடிச்சிலிருந்து இன்னொரு ஐந்நூறை எடுத்து வைத்து, "அப்படியானால் வட்டியும் சேர்த்து எழுது" என்றார்.

வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். கண்ணெதிரே நோயாளி இருக்க ஆராய்ச்சி எதற்கு என்று எங்கள் குழுவிலேயே கடுமையாகப் பேசினார்கள். எனக்கு அதில் சிறிதும் தயக்கம் இல்லை. அந்தப் பங்கு அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. அவருக்குப் பின் நிலையத்தை நடத்திய மருத்துவர் சாந்தா அம்மையார் 2021இல் கண்மூடும் வரை அங்கேயே வாழ்ந்தார். நம் பக்கத்துப் பெண் தொடங்கிய இடத்துக்கு நம் பக்கத்து மொய் போவது பொருத்தம் என்று பட்டது. வருமானவரிச் சலுகை வேண்டுபவர்களை நேரடியாக நிலையத்துக்கே காசோலை அனுப்பச் சொல்லிவிட்டோம். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை என்பது வங்கியில் இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீதி இரண்டு பங்கும் நோயாளிகளுக்கு. மாத்திரையைவிட, அதற்கு முன்பு செய்ய வேண்டிய மரபணுப் பரிசோதனைக்குத்தான் பலர் திண்டாடுகிறார்கள். ஒரே ஜிஸ்ட்டுக்குள்ளேயே மரபணு மாற்றத்தைப் பொறுத்துச் சிலருக்கு 400 மில்லிகிராம் போதும், சிலருக்கு 800 வேண்டும், சிலருக்கு இந்த மருந்து கேட்கவே கேட்காது. பரிசோதனைக்கு, அறுவையில் எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக் தேவை. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். தம்பியின் பிளாக்கைக் கேட்டு, அறுவை நடந்த மருத்துவமனைக்கு நான் நான்கு முறை அலைந்தேன். ஆறு வாரம் கழித்துத்தான் கொடுத்தார்கள். அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தது இன்றும் நினைவிருக்கிறது. அறிக்கையை வாங்கும்போதே பிளாக் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்று சொல்லி அனுப்பினேன். இரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்தில் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் படிவம் வாங்க வேண்டும் என்பது தெரியாததால், முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வந்தவர்கள் அன்று வந்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தார்கள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் மகளோடு வந்திருந்தாள். குழந்தைக்கு வயது இரண்டு. கைப்பேசியில் எடுத்த பிறந்தநாள் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று பூனைக்கண் போல வெள்ளையாகவும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் வெளிச்சத்தின் கோளாறு என்றார்களாம், அவள் மட்டும் விடாமல் படத்தை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போயிருக்கிறாள். கண்ணுக்குள்தான் கட்டி இருக்கிறது, வெளியே பரவவில்லை; உயிருக்கு ஆபத்தில்லாமல் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு வர வேண்டும். கணவன் வெளிநாட்டில் இருக்கிறான். அவளுக்குச் சென்னை தெரியாது, மருத்துவமனையில் கொடுக்கும் ஒப்புதல் படிவத்தைப் படித்து விளக்கவும் ஆளில்லை. குந்தவை நாச்சியார் கல்லூரி விடுதியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நீ என்பதால், சென்னையில் அவர்களுக்குத் துணையாக இரு என்று உரிமையோடு கேட்கிறேன்.

வருகிற செவ்வாய் இரவு தஞ்சாவூரில் உழவன் விரைவு வண்டியில் நானே அவர்களை ஏற்றிவிடுகிறேன். புதன் விடியற்காலை எழும்பூரில் இறங்குவார்கள். உன் முழங்கால் இடங்கொடுத்தால் நடைமேடைக்கு வா. முடியாவிட்டால் வாசலில் ஆட்டோ நிற்கும் இடத்தில் நில், அவளிடம் அங்கேயே வரச் சொல்கிறேன். கையில் மஞ்சள் பை இருக்கும். குழந்தை விழித்ததும் பால் கேட்கும், சர்க்கரை போடாமல் கொடுக்க வேண்டும். உன் கைப்பேசி எண்ணை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி